டாங்க் மூடியும் மாதையன் வைத்த பொட்டும்

இதை எழுத உட்காருவதும், நாலு வரி எழுதிக் கிழித்துப் போடுவதுமாகவே பல வருஷம் ஓடிவிட்டது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், எழுத்து சரளமாக வராது என்பது ஒரு காரணம். ஆனால் அது பெரிய காரணம் இல்லை. நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன். சொல்லப்போவதோ ஒரு இந்துச் சகோதரர் வைத்த சந்தனப் பொட்டைப் பற்றி. எழுதினால் ஒரு பக்கம், 'பார், நம்ம சாமியைக் குறை சொல்கிறான்' என்பார்கள். எங்கள் பங்குக் கோயிலிலேயே இன்னொரு பக்கம், 'பார், பொட்டு வைத்தால் இப்படித்தான் ஆகும்' என்பார்கள். இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. பொட்டு வைத்த மாதையன் இருந்தவரை, அவர் பெயரை எழுத்தில் இழுக்க மனசும் வரவில்லை. இப்போது அவர் ஆண்டவரிடம் போய்விட்டார்.

பிறகு ஏன் எழுதுகிறேன்? உங்களால்தான், விமானம் ஓட்டப் பழக வந்த தம்பிகளே. ஃப்ளையிங் கிளப்பில் எனக்குக் கடைசி வருஷம். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு விமானமாக ஏறி, பெட்ரோல் டாங்கின் காற்றுக் குழாயில் வாயை வைத்து ஊதிப் பார்த்துக்கொண்டு வந்தேன். "பெரியவர் பிளேனுக்கு முத்தம் குடுக்கறாருடா" என்று உங்களில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அன்றைக்கு வந்த எரிச்சல் ஓய்வு பெற்ற பிறகும் ஆறவில்லை. ஜெபமாலை சொல்லும்போதுகூட நடுவில் வந்து நிற்கிறது. அதை இறக்கி வைக்கத்தான் இது.

முதலில் டாங்க் விஷயம். உங்களுக்குப் பாடத்தில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நான் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். விமானம் என்று நான் முதன்முதலில் வேலை பார்த்தது வயலுக்கு மருந்தடிக்கிற ஒற்றை எஞ்சின் விமானத்தில். அதில் பெட்ரோல் டாங்க் எஞ்சினுக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். பம்பு கிம்பு ஒன்றும் கிடையாது. பெட்ரோல் தன் எடையிலேயே குழாய் வழியாக இறங்கி, ஒரு வடிகட்டிக் கிண்ணத்தைத் தாண்டி, கார்புரேட்டருக்குப் போகும். தண்ணீர் கலந்திருந்தால் கிண்ணத்தின் அடியில் தங்கும். காலையில் அடித் திருகைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒன்றைத் தவிர. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். மளிகைக் கடையில் எண்ணெய் டின் உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூலையில் மட்டும் ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் விக்கி விக்கி வரும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சீராக இறங்கும். அந்த இரண்டாவது ஓட்டை எங்கள் விமானத்தில் டாங்க் மூடியிலேயே இருந்தது. மூடியின் நடுவில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு குழாய் எழும்பி, முன்பக்கம் பார்த்து வளைந்து நிற்கும். நாங்கள் அதை மூச்சுக்குழாய் என்போம். தள்ளி நின்று பார்த்தால் படமெடுத்த நாகம் மாதிரியே இருக்கும். அதுதான் வினை.

எண்பதுகளில் ஒரு வருஷம். தருமபுரியில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை, மருந்தடிக்கிற கம்பெனிக்காரர்கள் பீப்பாய் உருட்டவும் பெட்ரோல் வடிகட்டி ஊற்றவும் கூட்டிக்கொண்டார்கள். மொரப்பூர் பக்கம் நிலக்கடலைக் காடு முழுக்கக் கம்பளிப்புழு. மழை விழுந்ததும் கிளம்பி ஒரு காட்டை மொட்டையடித்துவிட்டு அடுத்த காட்டுக்கு ஊர்வலம் போகும். தார் ரோட்டில் பஸ் சக்கரத்தில் நசுங்கி ரோடே வழுக்கும். ஒரு மேட்டாங்காட்டில் கல் பொறுக்கிச் சமன் செய்து ஓடுதளம் ஆக்கியிருந்தார்கள். அங்கே நாங்கள் நாலு பேர். விமானத்தை ஓட்டும் கேப்டன், பெங்களூர்க்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். மெட்ராஸிலிருந்து வந்த எஞ்சினியர். நான். அப்புறம் காவலுக்கும் சக்கரத்துக்குக் கட்டை போட்டு எடுக்கவும் உள்ளூரில் அமர்த்திய மாதையன். பென்னாகரத்துப் பக்கம் வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். அதனால் கேப்டனுக்கு அவரோடுதான் சிநேகம்.

எஞ்சினியர் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். அவர் இருந்தால் பெயர் போட்டதற்கே திட்டுவார். வாயைத் திறந்தால் வசவு. ஆனால் ஒரு திருகைக்கூட இரண்டு முறை தொட்டுப் பார்க்காமல் விட மாட்டார்.

முதல் நாள் ஊரே கூடிப் பூஜை போட்டது. தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து, கண்ட இடத்திலெல்லாம் சந்தனம் குங்குமம். கேப்டன் சிரித்துக்கொண்டே நின்றார். நானும் ஓரமாக நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். எஞ்சினியர் என் காதில், "யோவ் சூசை, விட்டா பிளேனுக்கு மொட்டை போட்டுக் காது குத்திடுவாங்கய்யா" என்றார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் வைத்தது இறக்கையிலும் சக்கரத்திலும்தான்.

சில நாளில் மாதையனுடைய மகளுக்குக் கடுமையான காய்ச்சல். கேப்டன் யாரையும் கேட்காமல் கம்பெனி ஜீப்பைக் கொடுத்துத் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். பிள்ளை பிழைத்தது. மாதையன் தீர்த்தமலைக் கோயிலுக்குப் போய் வந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர் எண்ணம். நாங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலை. நான் பெட்ரோல் நிரப்பி, மூடியை முடுக்கிவிட்டு இறங்கினேன். விமானம் மருந்தை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. மருந்தடிக்கிற இடத்தில் யார் என்ன வேலை செய்தாலும் காது எஞ்சின் சத்தத்திலேயே இருக்கும். அது இருமியது, எடுத்தது, மறுபடி இருமியது. கேப்டன் எப்படியோ திருப்பிக்கொண்டு வந்து தளத்தில் இறக்கிவிட்டார்.

எஞ்சின் திணறினால் எவனும் முதலில் என்ன செய்வான்? டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பான். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துணியால் துடைக்க வேண்டும், தூசி உள்ளே விழக்கூடாது என்பது எங்கள் விதி. நான் ஏறித் துடைத்தேன். கொஞ்சம் சந்தனம் இருந்தது, போனது. எஞ்சினியர் மூடியைத் திருகினார். வரவில்லை. பல்லைக் கடித்துத் திருகித் திறந்தார்.

"எந்தக் கடன்காரன்யா இப்படி முடுக்குனவன்? மூடியா, ஆணியா?"

"வழக்கமாத்தாங்க முடுக்குனேன்."

"கிழிச்ச."

சுற்றிலும் ஊர்ச் சத்தம். அந்த நேரத்தில் மூடி என்ன சொல்லிற்று என்று யார் காதிலும் விழவில்லை.

டாங்கில் பெட்ரோல் தாராளமாக இருந்தது. அடியில் வடித்துப் பார்த்தோம், தண்ணீர் இல்லை. பிளக்கைக் கழற்றினார், சுத்தம். கார்புரேட்டரைப் பிரித்து மேய்ந்தார், சுத்தம். மறுபடி மாட்டி எஞ்சினை முடுக்கினால் ஒரு இருமல் இல்லாமல் பாடியது. அவருக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. கெட்டுப்போன எஞ்சினைச் சரிசெய்யலாம். கெடாத எஞ்சினை என்ன செய்வது?

இதற்குள் விவசாயிகள் சுற்றிக்கொண்டார்கள். வேளாண்மை அதிகாரி ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரியாயிடுச்சு இல்லீங்களா?" என்றார் அதிகாரி.

"என்ன சரியாச்சுன்னு எனக்கே தெரியல சார்."

"இப்ப ஓடுதில்ல?"

"ஓடுது."

"அப்ப சரியாயிடுச்சு."

ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்க காடு போனா போவுதுங்க. அந்தப் புழு ரோட்டத் தாண்டி அந்தாண்ட எறங்கிருச்சுங்க. நாளைக்கு அடிக்கலீன்னா இல கூட மிஞ்சாது. நீங்க பெட்டியக் கட்டிக்கிட்டுப் போயிருவீங்க. நாங்க எங்கீங்க போறது?"

அவர் சொன்னதும் பொய் இல்லை. கேப்டன், "நாளைக்கு ஏறிப் பாக்கறேன்" என்றார். எஞ்சினியர் வேண்டாம் என்றார். பிறகு, வேண்டாம் என்பதற்குக் கையில் ஒரு காரணமும் இல்லாததால் வாயை மூடிக்கொண்டார்.

தம்பிகளே, இந்த 'சரியாயிடுச்சு' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன கெட்டது என்று தெரியாமல் சரியானது எதுவும் சரியாகவில்லை. போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். திரும்ப வரும். வரும்போது நீங்கள் தரையில் இருப்பீர்கள். இன்னொருவர் மேலே இருப்பார்.

மறுநாள் காலை நான் பெட்ரோல் நிரப்பி இறங்கினேன். எஞ்சினியர் முன்பக்கம் குனிந்திருந்தார். நான் இறங்கிய பிறகு மாதையன் ஏறியிருக்கிறார். விமானம் கிளம்பத் தயாரானபோது பார்த்தால், மூடியும் மூச்சுக்குழாயும் முழுக்க மஞ்சள் சந்தனம். கொஞ்சநஞ்சம் இல்லை. அம்மனுக்குச் சாத்துகிற மாதிரி சந்தனக் காப்பு. குழாய் வாயில், நாகத்துக்கு முகம் இருக்கிற இடத்தில், பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு.

பார்த்தோமா? பார்த்தோம். எஞ்சினியரே, "இன்னாய்யா, இன்னிக்கி மாரியாத்தா மாதிரி இருக்குது" என்று சிரித்தார். பஸ்ஸில் பொட்டு, லாரியில் பொட்டு, நெல்லு மிஷினில் பொட்டு. பொட்டு இல்லாத இயந்திரத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. பொட்டு இருப்பது கண்ணில் படும், மனசில் படாது.

கேப்டன் கிளம்பினார். நான் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

அன்றைக்கு இருமல் எல்லாம் இல்லை. சத்தம் இருந்தது; தேய்ந்தது; அப்புறம் இல்லவே இல்லை. எங்கே அடிக்க வேண்டும் என்று காட்டக் காட்டில் கொடி பிடித்து நின்றவர்கள் கத்துவதுதான் கேட்டது. ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தோம். கேப்டனுக்கு ஊரில் கைக்குழந்தை இருந்தது. படத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அந்தப் படம்தான் என் கண்ணில் நின்றது.

வற்றிய ஏரிக்குள் விமானம் நின்றிருந்தது. மருந்தைக் கொட்டிவிட்டு, எஞ்சின் இல்லாமலே சறுக்கிக்கொண்டு வந்து இறக்கியிருக்கிறார். சக்கரம் ஒன்று சேற்றுப் பொருக்கில் புதைந்து சாய்ந்திருந்தது. கேப்டன் கருவேல மர நிழலில் உட்கார்ந்து, யாரோ ஒரு அம்மா கொடுத்த செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாதி சட்டையில் சிந்தியது. உயிரோடு இருக்கிறார். "ஆண்டவரே" என்றேன்.

அங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டியது நடந்தது. நான் என்ன செய்தேன்? இடுப்புத் துணியை உருவிக்கொண்டு நேராக டாங்க் மூடிக்கு ஏறினேன். பழக்கம். துடைக்கணும், திறக்கணும், பார்க்கணும்.

"சூசை! துணியக் கீழ போடு!"

எஞ்சினியர் போட்ட சத்தத்தில் ஏரிக்கரையில் நின்ற மாடுகள் மிரண்டன. நான் அப்படியே நின்றேன்.

"யாரும் எதையும் தொடக்கூடாது. தொடைக்கக்கூடாது. தெறக்கக்கூடாது. நேத்து என்னென்ன பண்ணமோ அதுல ஒண்ணக்கூட இன்னிக்கிப் பண்ணக்கூடாது. நேத்து நாம பாக்கறேன்னு கை வெச்சமே, அதுலதான்யா அது சரியாயிருக்கு."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கூட்டம் 'சீக்கிரம் பாருங்க சார்' என்றது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூடிக்கு எதிரே நின்று ரொம்ப நேரம் பார்த்தார். சந்தனம் வெயிலில் காய்ந்து, மருந்துத் தூள் படிந்து, சுண்ணாம்புப் பூச்சு மாதிரி இறுகியிருந்தது.

"சூசை, கீழ போய் அடித் திருகைத் தெற."

திறந்தேன். பெட்ரோல் கொஞ்சம் ஒழுகியது. சொட்டியது. நின்றுவிட்டது.

"டாங்க்ல எவ்ளோ இருக்கு கேப்டன்?"

"முள்ளு பாதிக்கு மேல இதெ" என்றார் கேப்டன் நிழலிலிருந்து.

பாதி டாங்க் பெட்ரோல் மேலே இருக்கிறது. கீழே திறந்துவிட்டும் வரவில்லை.

"கைய அங்கயே வெச்சுக்கிட்டு இரு. இப்ப பாரு."

இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து, நெற்றி நரம்பு புடைக்க மெல்லத் திருகினார். மூடி அசைந்ததும் உஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே பாய்ந்தது. மூச்சடக்கிக் கிணற்றில் முங்கியவன் மேலே வந்து இழுக்கிற மாதிரி டாங்க் மூச்சை இழுத்தது. அதே நொடி என் கையில் பெட்ரோல் கொட்டியது. சட்டைக் கை முழுக்க நனைந்துவிட்டது.

எஞ்சினியர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "நேத்தே இது சொல்லிச்சுய்யா. இறுகிப் போய் வராம, வராமச் சொல்லிச்சு. நான் உன்னத் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.

அப்போதுதான் மாதையன் வந்து சேர்ந்தார். தளத்திலிருந்து காடு மேடு எல்லாம் தாண்டி ஓடி வந்திருக்கிறார். வேட்டியெல்லாம் முள். கேப்டன் காலில் விழுந்து, "சாமி, சாமி" என்று அழுதார்.

"சாக்கு மாதய்யா, ஏளு" என்று கேப்டன் தூக்கிவிட்டார். போதும், எழுந்திரு என்று அர்த்தம்.

எழுந்த மாதையன் நேராக விமானத்துக்கு வந்தார். மடியை அவிழ்த்தார். உள்ளே ஒரு பொட்டலம். சந்தனம்.

எஞ்சினியருக்கு அப்போதுதான் புரிந்தது. "நீயா? யோவ், நீயாய்யா அது?" என்று கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார்.

மாதையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நேர்த்திங்க சார். தீர்த்தமலைல வேண்டிக்கிட்டனுங்க. கேப்டன் வேல முடிச்சு ஊரு போற வரைக்கும் நாகருக்கு டெய்லி பொட்டு வெக்கறன்னு. நேத்து வண்டி இருமுச்சுங்களா, பொட்டு பத்தல போலன்னு நெனச்சனுங்க. இன்னிக்குக் காப்பு சாத்துனனுங்க. அதுவும் பத்தல பாருங்க."

கேட்டீர்களா? கோளாறு வந்தது பொட்டால். கோளாறுக்குப் பரிகாரம் இன்னும் பெரிய பொட்டு. எஞ்சினியர் வானத்தைப் பார்த்தார், பூமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவரு வேண்டுதலுக்கு அந்த மனுஷன் சாவணுமா? ஆள இன்னிக்கே அனுப்பு. இனிமே பிளேன் பக்கம் எவனாவது சந்தனத்தோட வந்தா கைய ஒடைப்பேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "சாமிக்கு வெச்சதுக்குக் கைய ஒடைப்பானாமே" என்று ஒருவர் சொல்வது என் காதில் விழுந்தது.

நான் யோசித்தது ஒன்றுதான். மாதையனை அனுப்பலாம். மகள் உயிருக்காகச் செய்த நேர்த்தியை அனுப்ப முடியுமா? எனக்கும் வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை பாக்கி இருந்தது. எவன் வந்து தடுத்தாலும் நான் நிறுத்த மாட்டேன். அவரும் நிறுத்த மாட்டார். தடுத்தால் ஒளிந்து வைப்பார். எங்கே வைப்பார் என்று நமக்குத் தெரியாது. அந்த விமானத்தில் அடைக்கக்கூடாத ஓட்டை மூடியில் மட்டும் இல்லை. வேகம் காட்டும் குழாய் இறக்கையில் நீட்டிக்கொண்டு இருக்கிறது. எஞ்சின் காற்று இழுக்கிற வாய் காற்றாடிக்குக் கீழே இருக்கிறது. இன்றைக்கு வைத்த இடம் கண்ணுக்கு நேராக இருந்ததால்தான் கண்டுபிடித்தோம். நாளைக்குத் தெரியாத இடத்தில் வைத்தால் கேப்டன் குழந்தைக்கு யார் பதில் சொல்வது?

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். எஞ்சினியர் என்னைக் கடித்துத் தின்பது மாதிரி பார்த்தார். நான் மாதையன் பக்கம் திரும்பினேன்.

"ஏனுங் மாதையா, சாமிக்குப் பொட்டு எங்கீங்க வெப்பீங்க?"

"நெத்தீல."

"மூக்குல வெப்பீங்களா?"

"மூக்குல யாராச்சும் வெப்பாங்களா? என்ன பேச்சு பேசறீங்க."

"இதாங்க மூக்கு." குழாயைக் காட்டினேன். "இதுலதான் பெட்ரோல் டாங்கு மூச்சு வாங்குது. நீங்க மூக்கப் பொத்திட்டீங்க. அது மேல போயி மூச்சுத் திணறி நின்னுருச்சு."

மாதையன் குழாயைப் பார்த்தார். எஞ்சினியர் ஒரு கட்டுக் கம்பியை விட்டுக் குடைய, உள்ளேயிருந்து மஞ்சளும் சிவப்புமாகக் கட்டி விழுந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். கேப்டனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்ப நேர்த்தி?" என்றார் மெதுவாக.

நான் எஞ்சினியரைப் பார்த்தேன். அவர் என்னை முறைத்தார். பிறகு ஒரு பெரிய மூச்சு விட்டு, மாதையன் மணிக்கட்டைப் பிடித்து விமானத்தின் முன்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். காற்றாடியின் நடுவில் கூம்பு மாதிரி ஒரு மூடி இருக்கும். அதை உள்ளங்கையால் தட்டினார்.

"இதான் நெத்தி. தெரியுதா? இங்க வை. இங்க மட்டும் வை. துளியூண்டு வை. வேற எங்கனா வெச்ச, நானே உன்ன அந்த மலை மேல ஏத்தி உருட்டி விட்ருவேன்."

குழாயைச் சுத்தம் செய்து, சக்கரத்தைத் தோண்டி எடுத்து, சாயங்காலத்துக்குள் கேப்டனே அதே ஏரியிலிருந்து கிளப்பிக்கொண்டு தளத்துக்கு வந்தார். அந்த இருமல் அப்புறம் வரவேயில்லை. அப்போதுதான் நாங்கள் 'சரியாயிடுச்சு' என்று சொன்னோம்.

மறுநாள் காலை மாதையன் கூம்பில் குன்றிமணி அளவுக்கு ஒரு பொட்டு வைத்தார். அப்புறம் போய்ச் சக்கரக் கட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கேப்டன் ஏறி உட்கார்ந்து கட்டையை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார். மாதையன் அசையவில்லை.

"கட்டைய எடுய்யா!" என்றார் எஞ்சினியர்.

"மூக்குல ஊதிக் காட்டுங்க சார். அப்பறந்தான் எடுப்பன்."

"காலையிலயே ஊதியாச்சுய்யா."

"நான் பாக்கலீங்களே."

எஞ்சினியர் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே ஏறி, கேப்டனை மூடியைத் திறந்து பிடிக்கச் சொல்லி, குழாயில் வாய் வைத்து ஊதினார். கேப்டன் உள்பக்கம் கை வைத்துப் பார்த்து, "பருதெ, பருதெ" என்றார். வருது வருது என்று. மாதையன் கட்டையை எடுத்தார். வேலை முடிந்து கேப்டன் ஊர் போகிற வரைக்கும் தினம் இதே கூத்து. "என் தலையெழுத்து" என்று எஞ்சினியர் தினம் சொல்வார். தினம் ஊதுவார். நான் ஊதுவது அவரிடமிருந்து வந்தது. முத்தம் இல்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு அதைவிட ஆத்திரம். மொரப்பூர் டீக்கடையில், "சந்தனக் காப்பு சாத்துனதாலதான் கேப்டன் உசுரோட எறங்குனாரு" என்றார்கள். எங்கள் பங்குக் கோயில் வாசலில், "பொட்டு வைத்தார்கள், பிளேன் விழுந்தது" என்றார்கள். விமானம் விழவில்லை, இறங்கியது என்று சொன்னால்கூடக் கேட்க ஆள் இல்லை. இரண்டு இடத்திலும் சண்டை போட்டு அலுத்தேன். கேட்டவர்களிடம் சரியாகச் சொன்னவர் மாதையன் ஒருவர்தான். "நான் வெச்சதுதாங்க அடச்சுது. நல்லதுக்குன்னு நெனச்சுத்தாங்க வெச்சன்" என்பார். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டதே இல்லை.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல், அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். சந்தனம் குழாயை அடைத்தது என்பதையும் சொல்லுங்கள். வைத்தவர் கேப்டன் மேல் வைத்த அன்பில்தான் வைத்தார் என்பதையும் சொல்லுங்கள். எண்ணெய் டின்னுக்கு இரண்டு ஓட்டை வேண்டும் என்றேன் இல்லையா? இதற்கும் இரண்டு வேண்டும். ஒன்றை அடைத்துவிட்டு மற்றதில் மட்டும் ஊற்றாதீர்கள்.